மலிவான பனியாற்று நடை: எந்தச் செலவைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது

கையிருப்பு குறைவு, பனியாற்றின் மேல் நடக்க ஒரே ஒரு நாளைத்தான் ஒதுக்க முடியும், பெரிய குழுவோடு மூன்று மணி நேர நடை மலிவாகக் கிடைக்கிறது, சிறிய குழுவோடு ஐந்து மணி நேர நடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விலைக்குக் கிடைக்கிறது, தங்கும் விடுதியில் உடனிருந்த ஒருவரோ வழிகாட்டியே வீண் செலவு, பனிக்கட்டியில் வழுக்காமல் இருக்கக் காலணிக்கு அடியில் கட்டும் முள்சட்டத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு முன்னால் போனவர்களின் தடத்தைப் பிடித்துப் போய்வரலாம் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மலிவானதைத் தேர்ந்தெடுத்தால் ஆபத்தா, பழைய முழங்கால் வலி இடையூறாகுமா, எந்த மாதம் போவது நல்லது என்பவை உங்கள் கேள்விகள். இவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: அந்த விலை வித்தியாசத்தில் எவ்வளவு பங்கு உயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது, எவ்வளவு பங்கு வசதிக்குப் போகிறது? பனியாற்றியலில் களப்பயிற்சி பெற்று, பிறகு சில கோடைகள் வழிகாட்டிகளுக்கு உதவியாளாகவும் பின்னர் வழிகாட்டியாகவும் இருந்தவன் என்ற முறையில், இந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

விடுதி நண்பரின் யோசனையை முதலிலேயே விலக்கிவிடுவோம். அவர் பொய் சொல்லியிருக்கமாட்டார். அப்படிப் போய்ப் பத்திரமாகத் திரும்பியும் இருப்பார். ஆனால் ஒரு நாள் பத்திரமாக இருந்த வழி மறுநாளும் அப்படியே இருக்கும் என்று அவர் எண்ணுவதுதான் தவறு. பனியாறு என்பது பல ஆண்டுகளாகப் படிந்த பனி தன் எடையாலேயே அழுந்திக் கெட்டிப்பட்டு, சரிவில் மெல்ல ஒழுகி இறங்கும் பனிக்கட்டித் திரள். அர்ஜென்டினாவின் பெரிதோ மொரேனோ பனியாற்றின் நடுப்பகுதி நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் நகர்கிறது. நகரும்போது அடியிலுள்ள பாறையின் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப மேற்பரப்பு இழுபட்டுப் பிளக்கிறது. நேற்று தாண்டக்கூடியதாக இருந்த பிளவு இன்று அகன்றிருக்கும். இதன்மேல் கோடை வெயில் நாளுக்குச் சில சென்டிமீட்டர் பனிக்கட்டியைக் கரைக்கிறது. முள்சட்டம் கீறிய தடங்கள் ஒரு நல்ல வெயிலிலோ மழையிலோ அழிந்துவிடும். எஞ்சியிருக்கும் தடம் யாருடையது என்பதும் உங்களுக்குத் தெரியாது. கயிறும் இரண்டு பனிக்கோடரியும் வைத்துக்கொண்டு பனிச்சுவர் ஏறப் போனவர்களின் தடமாகவும் இருக்கலாம். காலையில் முதலில் போகும் வழிகாட்டி கோடரியால் படி வெட்டிக்கொண்டே போவதைப் பார்த்தால், வழி என்பது அங்கே அன்றாடம் புதிதாக உண்டாக்கப்படும் ஒன்று என்பது புரியும்.

அடுத்து, எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். இதைத் தெரிந்துகொண்டால் மலிவான நடை எப்படிப் பாதுகாப்பாகவும் இருக்க முடிகிறது என்பது விளங்கும். பனியாற்றின் கீழ்ப்பகுதியில் கோடையில் மேற்பனி முழுவதும் கரைந்து, வெறும் பனிக்கட்டி மட்டும் தெரியும். அங்கே பிளவுகள் திறந்து கிடக்கும். கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போகலாம். மேற்பகுதியிலோ, குளிர்காலத்திலோ, பிளவுகளின் வாயைப் பனி மூடிப் பாலம்போலப் படிந்திருக்கும். மேலே நின்று பார்ப்பவருக்கு அது வயல்வெளி போலச் சமமாகத் தோன்றும், காலை வைத்த பிறகுதான் உள்ளே வெறுமை என்று தெரியும். பிளவுகள் பொதுவாக 30 மீட்டர் அளவுக்குப் போகும். அதற்கு மிகவும் கீழே, அழுத்தம் மிகுதியால் பனிக்கட்டி உடையாமல் குழைந்து ஒழுகத் தொடங்குவதால் பிளவு நீடிப்பதில்லை. விழுபவருக்கு 30 மீட்டர் என்பதே பத்து மாடி உயரம். முதல்முறை வருபவர்களுக்கான மலிவான நடைகள் ஏறக்குறைய எல்லாமே வெறும் பனிக்கட்டிப் பகுதியில்தான் நடக்கின்றன. ஆகவே, விலை குறைவு என்பதாலேயே ஆபத்து கூடுதல் என்று சொல்ல முடியாது. சொல்லப்போனால், பனி மூடிய மேற்பகுதிக்கு அழைத்துப்போகும் விலையுயர்ந்த பயணத்தில்தான் உள்ளார்ந்த ஆபத்து அதிகம். அங்கே கயிறும் மீட்புப் பயிற்சியும் இல்லாமல் கால் வைக்கவே கூடாது.

கயிற்றைப் பற்றி வல்லுநர்களிடமே ஒருமித்த வழக்கம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கயிறு கட்டாத நிறுவனத்தைப் பார்த்ததும் பலர் பதறுகிறார்கள். ஐஸ்லாந்தின் சோல்ஹெய்மாயோகுல் போன்ற இடங்களில் வெறும் பனிக்கட்டியில் குழுவினர் கயிறில்லாமல் தனித்தனியாக நடக்கிறார்கள். நார்வேயின் நிகார்ட்ஸ்பிரேனில் எல்லோரையும் ஒரே கயிற்றில் இணைத்து அழைத்துச் செல்வது வழக்கம். கயிறு வேண்டாம் என்பவர்களின் வாதம், பிளவுகள் தெரியும் இடத்தில் சரிவில் ஒருவர் வழுக்கினால் கயிறு மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போகும் என்பது. வேண்டும் என்பவர்களின் வாதம், அனுபவமற்றவர்கள் வழியை விட்டு விலகாமல் கயிறே கட்டுப்படுத்தும் என்பது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இடத்தின் அமைப்பைப் பொறுத்தது என்பதுதான் என் அனுபவம். ஆனால் பனி மூடிய பரப்பில் கயிறு கட்டாயம் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்தில்லை. கயிறு கட்டாத நடையிலும் இடுப்பில் வார்ப்பட்டை அணியச் சொன்னால் அது வேடிக்கைக்காக அல்ல. தவறி விழுந்தவரை மேலே இழுக்கக் கொக்கி மாட்ட ஓர் இடம் வேண்டும் என்பதற்காக.

இனி விலைக்கு வருவோம். விளம்பரத்தில் மூன்று மணி நேரம் என்று இருந்தால், அதில் தலைக்கவசமும் வார்ப்பட்டையும் அளவு பார்த்து மாட்டுவது, வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பனியாற்றின் விளிம்புவரை கற்குவியல்களினூடே நடப்பது, முள்சட்டம் கட்டுவது, திரும்பி வருவது எல்லாம் அடக்கம். பனிக்கட்டியின் மேல் கால் பதித்திருக்கும் நேரம் ஒன்று அல்லது ஒன்றரை மணி. ஐந்து மணி நேர நடையில் இந்த முன்பின் வேலைகள் அதே அளவுதான். மீதி முழுவதும் பனிக்கட்டியின் மேல் கழியும், அதாவது மூன்று மணி அளவு. ஒன்றரை மடங்கு விலைக்கு இரண்டு மடங்கு நேரம். ஒரே நாள்தான் உண்டு என்பவருக்கு நீண்ட நடையே உண்மையில் மலிவு என்று இந்தக் கணக்கு சொல்கிறது. இதற்கு நேர்மாறாக, பனியாற்றைத் தொட்டுப் பார்த்து, நான்கைந்து படங்கள் எடுத்துக்கொண்டால் போதும் என்ற மனநிலையில் இருப்பவருக்கு ஐந்து மணி நேரம் சலிப்பாகவே இருக்கும். எல்லோருக்கும் பனிக்கட்டி பிடிக்கும் என்பது வழிகாட்டிகள் மட்டுமே நம்பும் ஒரு கற்பனை.

விலையின் மற்றப் பங்குகளில் நகரத்திலிருந்து அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவிடும் வண்டி முக்கியமானது. பொதுப் பேருந்தோ, நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் வாடகைக் காரோ கிடைத்து, பனியாற்றின் அடியிலேயே சந்திக்கும் நடையைப் பதிவு செய்தால், வேறெதையும் குறைக்காமல் கணிசமாக மிச்சமாகும். மதிய உணவு, புகைப்படக்காரர், பனிச்சுவர் ஏறும் கூடுதல் அனுபவம் ஆகியவற்றையும் தயங்காமல் விட்டுவிடலாம்.

குறைக்கக் கூடாதது ஒன்றே ஒன்று: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்பது. பதினைந்து பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை முள்சட்டம் தளர்ந்தாலே, ஆளுக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் கால் மணி நேரம் போய்விடும். அந்த நேரத்தில் வழிகாட்டி குனிந்து வாரை இறுக்கிக்கொண்டிருப்பார். வரிசையின் கடைசியில் இருப்பவர் படமெடுக்க இரண்டடி பின்னால் நகர்வதைக் கவனிக்க ஆளிருக்காது. நான் உதவியாளாக இருந்த முதல் கோடையில், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு நிறுவனத்தின் பெரிய குழுவோடு போனபோது இதே சூழலில் ஒரு பெண்மணி உருகுநீர் சுழன்று இறங்கும் செங்குத்துக் குழி ஒன்றின் விளிம்புக்கு மிக அருகே போய்விட்டார். ஒன்றும் ஆகவில்லை, முன்னால் நின்றவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். ஆனால் அவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய இருவரில் ஒருவர் முள்சட்டம் கட்டிக்கொண்டிருந்தார், மற்றவனாகிய நான் வரிசையின் தலைப்பக்கம் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் குழிகள் பார்க்க மிக அழகானவை, ஆழ்ந்த நீலம், உள்ளே நீரின் இரைச்சல்; ஆட்களை இழுப்பதும் அந்த அழகுதான்.

ஆகவே பதிவு செய்வதற்கு முன் எழுத்து மூலம் சில கேள்விகளைக் கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு அதிகபட்சம் எத்தனை பேர். வழிகாட்டிக்குப் பனியாற்றுக்கென்றே தனிப் பயிற்சி உண்டா, எந்த அமைப்பின் பயிற்சி. வானிலை சரியில்லாமல் நீங்களே ரத்து செய்தால் பணத்தைத் திருப்புவீர்களா. கடைசிக் கேள்விக்கு வரும் பதில் மற்ற இரண்டையும்விட அதிகமாகச் சொல்லும். ரத்து செய்தால் முழுப் பணமும் திருப்பித் தரும் நிறுவனத்தின் வழிகாட்டிக்கு, பாதியில் திரும்பலாம் என்று முடிவெடுப்பது எளிது. பயிற்சியைப் பொறுத்தவரை, பன்னாட்டு மலை வழிகாட்டிச் சங்கங்களின் கூட்டமைப்பு 1965-இலிருந்து இயங்குகிறது. அதன் முழுச் சான்று பெற்றவர்கள் பாறை, பனி, பனிச்சறுக்கு எல்லாவற்றிலும் தேறியவர்கள். மலிவான நடைகளை நடத்துபவர்கள் பெரும்பாலும் அந்த நிலையை எட்டியவர்களாக இருக்கமாட்டார்கள், இருக்க வேண்டிய தேவையும் இல்லை. வெறும் பனிக்கட்டியில் குழுவை நடத்துவதற்கும் பிளவிலிருந்து ஒருவரை மீட்பதற்கும் அந்தந்த நாட்டுச் சங்கம் நடத்தும் படிநிலைப் பயிற்சி போதும். அந்தப் பயிற்சியின் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாத நிறுவனத்தைத்தான் தவிர்க்க வேண்டும்.

எந்தப் பனியாறு என்று நீங்கள் குறிப்பிடவில்லை. இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதிச் செலவு முடிவாகிவிடும். பனியாறுகள் பின்வாங்குவது சுற்றுச்சூழல் செய்தி மட்டுமல்ல, பயணியின் பணப்பையையும் தொடுகிறது. நியூசிலாந்தின் ஃபிரான்ஸ் ஜோசப் பனியாற்றில் ஒரு காலத்தில் பள்ளத்தாக்கு வழியே நடந்தே மேலேறலாம். பனியாற்றின் கீழ்முனையான முகப்பு பின்வாங்கிச் சரிந்து நிலையற்றுப் போனதால் 2012-இலிருந்து வழிகாட்டியோடு நடப்பவர்களும் ஹெலிகாப்டரில்தான் மேலே போகிறார்கள். அங்கே இனி மலிவான நடை என்ற பேச்சுக்கே இடமில்லை. பெரிதோ மொரேனோவில் ஏரியைப் படகில் கடந்து போக வேண்டும், வயது வரம்பும் உண்டு. சோல்ஹெய்மாயோகுல் முதன்மைச் சாலைக்கு அருகில் இருப்பதாலும், பல நிறுவனங்கள் போட்டியிடுவதாலும், நடந்தே விளிம்பை எட்ட முடிவதாலும் குறைந்த செலவுக்காரர்களுக்கு ஏற்றதாக இருக்கிறது. அங்கும் முகப்பு பின்வாங்கிய இடத்தில் உருகுநீர் ஏரி விரிந்துவிட்டதால், ஏறும் வழி ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போகிறது. அதே ஐஸ்லாந்தின் ஸ்வீனாஃபெல்ஸ்யோகுலில், மேலுள்ள மலைச்சரிவில் பெரிய விரிசல் கண்டறியப்பட்டதால் 2018-இல் அப்பனியாற்றின் மேல் போக வேண்டாம் என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். நிறுவனங்கள் நடைகளை வேறு பனியாறுகளுக்கு மாற்றிக்கொண்டன. ஆகவே சில ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பயணக் குறிப்பை நம்பி இடத்தை முடிவு செய்யாதீர்கள்.

வழிகாட்டி இருந்தால் ஆபத்தே இல்லை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிளவில் விழுவதும் வழுக்குவதும் பயிற்சியால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியவை. பனிக்கட்டி எப்போது இடியும் என்பதை எவராலும் மணி குறித்துச் சொல்ல முடியாது. 2009 ஜனவரியில் நியூசிலாந்தின் ஃபாக்ஸ் பனியாற்றின் முகப்பில் தடுப்பைத் தாண்டிப் போன இரு சகோதரர்கள் மேலிருந்து சரிந்த பனிக்கட்டியில் சிக்கி இறந்தார்கள். அவர்கள் பனியாற்றின் மேல் ஏறவே இல்லை, முன்னால் நின்றிருந்தார்கள். 2022 ஜூலையில் இத்தாலியின் மார்மொலாடா மலையில் பனியாற்றின் ஒரு பகுதி உடைந்து சரிந்து 11 பேரைக் கொன்றது. 2024 ஆகஸ்டில் ஐஸ்லாந்தின் பிரெய்டாமெர்குர்யோகுலில் வழிகாட்டியோடு போன குழுவின் மேல் பனிக்கட்டி இடிந்து விழுந்து ஒருவர் உயிரிழந்தார். இம்மூன்றிலும் காணும் பொதுவான தன்மை, ஆபத்து காலுக்குக் கீழே இல்லாமல் தலைக்கு மேலே இருந்தது என்பது. ஆகவே முகப்புச் சுவருக்கு அடியில் நிற்பதையும், கோடையில் பனிக்குகைக்குள் நுழைவதையும் மலிவாகவோ இலவசமாகவோ கிடைத்தாலும் மறுத்துவிடுங்கள். குளிர்காலத்தில் குகைகள் ஓரளவு உறுதியாக இருக்கும் என்பது பொதுவான கருத்து. அதுவும் உறுதிமொழி அல்ல. எரிமலைக்கு மேலுள்ள பனியாறுகளில் இன்னொன்றும் உண்டு: சோல்ஹெய்மாயோகுல் இறங்கி வரும் பெரும் பனிக்கவிகையின் கீழ் கட்லா எரிமலை இருக்கிறது, அதன் வெப்பத்தால் தேங்கிய நீர் 1999 ஜூலையில் திடீரென வெள்ளமாகப் பாய்ந்தது. அத்தகைய வெள்ளத்தின் முன்னறிகுறியாக ஆற்றருகே அழுகிய முட்டை நாற்றம் வழக்கத்தைவிட மிகுந்தால் வழிகாட்டி குழுவைத் திருப்பிக்கொண்டு போவார். அப்போது பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

உடை, கருவிகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முள்சட்டம், தலைக்கவசம், வார்ப்பட்டை, கோடரி எல்லாம் கட்டணத்தில் அடங்கியிருக்க வேண்டும். கணுக்காலை மூடும், அடி வளையாத காலணி உங்களிடம் இல்லையென்றால் அங்கேயே வாடகைக்கு எடுங்கள். ஒரு நாளுக்காக வாங்காதீர்கள், மெல்லிய ஓட்டக் காலணியோடும் போகாதீர்கள், அதன் அடி வளைந்து முள்சட்டம் கழன்றுவிடும். பருத்தி நனைந்தால் உடல் சூட்டை உறிஞ்சிவிடும், ஆகவே ஜீன்ஸ் கூடாது. கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் ஒரு வெம்மை உடுப்பு, வெளியே நீர்புகா மேலங்கி போதும். வெயில் நாளிலும் கையுறை தேவை. குளிருக்காக மட்டும் சொல்லவில்லை: பனிக்கட்டியின் மேல் விழுந்தால் உள்ளங்கை சொரசொரப்பான கண்ணாடியில் தேய்த்தது போலக் கிழியும். பனிக்கட்டி வெயிலை மேல்நோக்கித் திருப்பி அனுப்புவதால் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். வெயில் தடுப்புக் களிம்பை மூக்கின் அடியிலும் தாடையின் கீழும் பூசுங்கள்.

முழங்கால் வலி பற்றி: எந்த வகை வலி, எவ்வளவு பழையது என்று தெரியாமல், ‘போகலாம்’ என்றோ ‘போக வேண்டாம்’ என்றோ தொலைவிலிருந்து சொல்வது சரியாகாது, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நடையின் தன்மையை மட்டும் சொல்கிறேன். பனிக்கட்டியில் குதிகாலை ஊன்றி உருட்டி நடப்பதில்லை. பாதம் முழுவதையும் சமமாகப் பதித்து, எல்லா முட்களும் ஒரே நேரத்தில் கடிக்கும்படி, கால்களைச் சற்று அகட்டி, சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். கால்கள் நெருங்கினால் ஒரு காலின் முள் மறு காலின் கால்சட்டையில் மாட்டும். வழிகாட்டியுடன் வரும் குழுக்களில் நான் பார்த்த விழுதல்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் நடந்தன. ஏறுவது பலரும் அஞ்சும் அளவுக்குக் கடினமில்லை. இறங்கும்போது பின்னால் சாய்ந்தால் முட்கள் பிடிப்பை இழக்கும் என்பதால், முழங்காலை மடக்கி, உடல் எடையை முன்னே பாதத்தின் மேலேயே வைத்து இறங்க வேண்டும். வலியுள்ள முழங்காலுக்குச் சிரமம் தருவது இந்தப் பகுதிதான். வீட்டில் ஒரு நீண்ட படிக்கட்டில் சற்று மடக்கிய முழங்காலோடு அரை மணி நேரம் மெதுவாக இறங்கிப் பாருங்கள். மறுநாள் காலை வலி எப்படி இருக்கிறது என்பது ஓரளவு காட்டிவிடும். தொல்லை இருந்தால் ஐந்து மணி நேர நடையைப் பற்றி மேலே சொன்ன கணக்கை மறந்துவிட்டு மூன்று மணி நேரத்தையே எடுங்கள்.

பயணக் காப்பீட்டை மலிவு என்பதற்காக மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டாம். கயிறு, கோடரி, முள்சட்டம் பயன்படுத்தும் செயல்களுக்குப் பொருந்தாது என்ற விலக்கு பல ஒப்பந்தங்களில் சிறிய எழுத்தில் இருக்கும். வழிகாட்டியோடு பனியாற்றில் நடப்பது அடங்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மீட்புச் செலவு நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐஸ்லாந்தில் மலைமீட்பைப் பெரும்பாலும் தன்னார்வக் குழுக்கள் செய்கின்றன, சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டர் வந்தால் அதற்கான கட்டணம் உங்களையோ உங்கள் காப்பீட்டையோ தேடி வரும்.

மாதத்தைப் பொறுத்தவரை, வடகோளத்தில் போவதாக இருந்தால் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் பாதி என்று நான் சொல்வேன். மேற்பனி முற்றிலும் கரைந்து பிளவுகள் எல்லாம் வெளிப்படையாகத் தெரியும் காலம் அது. கூட்டமும் அதையொட்டி விலையும் உச்சக் கோடையைவிடச் சற்று இறங்கியிருக்கும். படங்களில் காணும் நீலத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நெடுங்கோடை வெயில் மேற்பரப்பைப் பொருக்குத் தட்டச் செய்து வெளுக்க வைத்திருக்கும், ஐஸ்லாந்தில் எரிமலைச் சாம்பல் வேறு கறுப்புக் கூம்புகளாகக் குவிந்திருக்கும். இரவு முழுவதும் மழை பெய்த மறுநாள் அந்தப் பொருக்கு கழுவப்பட்டு நீலம் தெரியும், அன்றுதான் மிகவும் வழுக்கும். செப்டம்பரில் புயல்கள் தொடங்கிவிடுவதால் ரத்தாகும் வாய்ப்பும் கூடும். ஆகவே நடைக்கென்று ஒதுக்கிய நாளைப் பயணத்தின் கடைசியில் வைக்காமல் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அன்று ரத்தானால் இன்னொரு நாளுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்க நாட்கள் மிச்சமிருக்கும்.